மணலில் மாட்டத் தெரியாதவன்

மாட்டிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

எங்கள் பக்கத்திலிருந்து சிம்ப்சன் பாலைவனத்துக்குக் கிளம்புகிற எவனும், மணலில் வண்டி மாட்டாமல் வீடு திரும்ப வேண்டும் என்றுதான் நினைப்பான். மாட்டியே தீருவது என்ற வைராக்கியத்தோடு கிளம்பிய முதல் குடும்பத் தலைவன் அநேகமாக நான்தான். குடும்பத் தலைவன் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் என்னைச் சொன்னது. வீட்டில் அந்தப் பட்டம் புழக்கத்தில் இல்லை.

எல்லாம் ஒரு படகால் வந்தது.

எங்கள் ரென்மார்க் ஆற்றங்கரை ஊர். வாசலுக்கு வாசல் படகு நிற்கும். என் வாசலில் மட்டும் ட்ரெய்லர் நின்றது. என் மனைவி கிளெனிஸ் ஆசையாக வாங்கியது. பார்வைக்கு, இரண்டு சக்கரம் வைத்த தகரப் பெட்டி. காருக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தால் கூடாரம், கட்டில், அடுப்பு மேடை எல்லாம் விரியும். விரிப்பது சுலபம். திரும்ப மடித்து மூடுவதற்கு நாலு கையும் ஒரு விவாகரத்து வக்கீலும் வேண்டும்.

"சின்னப் படகுதானே கிளெனிஸ்."

"எங்க நிறுத்துவ?"

"ட்ரெய்லர் நிக்கிற எடத்துல."

"அப்ப ட்ரெய்லரை?"

"அதை வித்துடலாமே."

"ஒன்னை வித்தா எடம் இன்னும் தாராளமா இருக்குமே நெவில்."

இந்த உரையாடல் எங்கள் வீட்டில் காலை உணவு மாதிரி. தினமும் உண்டு. ஒருநாள் அவளுக்கே அலுத்துவிட்டது. பின்கட்டில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கெல்வினும் இருந்தான். எங்கே சாசேஜ் சுட்டாலும் இருப்பான்.

"சரி, பந்தயம்," என்றாள் கிளெனிஸ். "பள்ளிக்கூட லீவுக்கு சிம்ப்சன் போறோம். நீதான் ஓட்டணும். நான் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன். ஒரே ஒரு தடவை ட்ரெய்லர் மணல்ல மாட்டி, அடுத்தவன் வந்து இழுத்துவிடுற மாதிரி ஆச்சுன்னா, ஊருக்கு வந்த அன்னிக்கே வித்துடுறேன். நீ படகு வாங்கிக்க."

"மாட்டாம தாண்டிட்டா?"

"படகுங்கிற வார்த்தையே இந்தக் குடும்பத்துல கேக்கக் கூடாது. சொல்ற ஆளு ஒரு வருஷம் பாத்திரம் கழுவணும்."

அவள் முடிப்பதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். கிளெனிஸ் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே லாரி ஓட்டினவள். அவள் ஓட்டியிருந்தால் ட்ரெய்லர் மணலில் சறுக்கிக்கொண்டு பாட்டுப் பாடிப் போயிருக்கும். ஆனால் ஓட்டப்போவது நான். காய்கறிக் கடை வாசலில், தார் போட்ட தரையில், பூந்தொட்டி மேல் ஏறி மாட்டினவன். பாலைவனம் முழுக்க மணலை வைத்துக்கொண்டு என்னால் மாட்ட முடியாதா?

போன இடத்தில் முதல் முகாம், டல்ஹௌசி வெந்நீர் ஊற்றில். அதற்கு அப்பால் வரிசையாக மணல்மேடுகள். ஒன்றில் ஏறி இறங்கினால் அடுத்தது நிற்கும். இப்படியே கிழக்கே போய் பேர்ட்ஸ்வில் ஊரில் கரையேற வேண்டும். கடைசி மேடுதான் எல்லாவற்றுக்கும் பெரியப்பா. 'பிக் ரெட்' என்று பெயர்.

அன்று சாயங்காலம் காற்று மணலை வாரிச் சாப்பாட்டில் போட்டது. கெல்வினைக் கூட்டிக்கொண்டு காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். கெல்வின் தனி ஜீப்பில் எங்களோடு வந்திருந்தான். அவன் மனைவிக்கு மணலும் ஆகாது, கெல்வினும் ஆகாது. ஆளுக்கொரு பீர். இருக்கையில் ஏதோ தொடையில் குத்தியது. பிள்ளைகள் வைத்த பொம்மையாக இருக்கும். சதித்திட்டம் தீட்டும்போது தொடையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"டேய் கெல்வின், மணல்ல ஏன் டயர்ல காத்தைக் கொறைக்கிறோம்?"

"டயர் பரந்து மணல் மேல மெதக்கும். கல்லு மாதிரி இருந்தா தோண்டிக்கிட்டு உள்ள போயிடும். சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"அதான். தினம் காலைல எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ட்ரெய்லர் டயர்ல மட்டும் காத்தைக் கல்லா ஏத்திடுறேன்."

"மோட்டார் பம்ப் போட்டா ஊரே முழிச்சுக்குமே?"

"ட்ரெய்லருக்குள்ள ஒரு கால் பம்ப் கெடக்குடா. சத்தமே கெடையாது. அது அங்க எப்படி வந்துச்சுன்னே தெரியல. கடவுளாப் பாத்துக் குடுத்தது."

"கிளெனிஸ் கண்டுபிடிச்சிட்டா?"

"அவளுக்கு என்னடா தெரியும்? காருக்குள்ள உக்காந்து புஸ்தகம் படிச்சுக்கிட்டு வரப்போறா. நீ முன்னாடி போ. நல்ல தடத்தை விட்டுட்டு மோசமான தடமாப் பாத்து ஏறு. நான் பின்னாலயே வந்து பொதைஞ்சிடுறேன். நீ இழுத்துவிடு. படகு வந்ததும் முன் சீட்டு ஒனக்குத்தான்."

"பின் சீட்டுல யாரு?"

"தூண்டிலும் பீரும்."

கெல்வினுக்குக் கண் கலங்கியது. உணர்ச்சியா, பீரா என்று கேட்கவில்லை.

மறுநாள் இருட்டுப் பிரியும்போதே எழுந்தேன். கால் பம்ப் ஒரு நீளமான நீலப் பைக்குக் கீழே கிடந்தது. பை ஒரு பிணத்தின் கனம் இருந்தது. கிளம்பும் அன்றே கேட்டிருந்தேன். "வெயில் மறைப்பு," என்றாள் கிளெனிஸ். இருக்கட்டும், கனம் கூடினால் மணலில் நன்றாக இறங்கும் என்று இரும்பு வாணலி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் அதன் மேல் நானே அடுக்கியிருந்தேன்.

பம்ப்பை எடுத்து மிதித்தேன். மிதித்தேன். முழங்கால் கழன்று வருகிற மாதிரி இருந்தபோது டயர் விண்ணென்று நின்றது. தட்டினால் மேளச் சத்தம் வந்தது. பம்ப்பை ஒளித்துவிட்டு, வழக்கப்படி மண்வெட்டியும் காகிதச் சுருளுமாக மேட்டுக்குப் பின்னால் போனேன். பாலைவனத்தில் கழிப்பறை அப்படித்தான். என் வயிறு கடிகாரம் மாதிரி. மழை வருமா வராதா என்று வானொலி தவறாகச் சொல்லலாம். நான் எப்போது மண்வெட்டி எடுப்பேன், எவ்வளவு நேரம் கழித்து வருவேன் என்பதை என் குடும்பத்தில் யாரும் தவறாகச் சொல்ல முடியாது. திரும்பி வந்தபோது கிளெனிஸ் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மூத்தவள் டாம்சினும் சின்னவள் பிப்பாவும் ட்ரெய்லர் பக்கத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

டயரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சந்தேகம் வரும். தொழில் தெரிந்த குற்றவாளி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான்.

பாலைவனத்தில் எல்லா வண்டியிலும் ரேடியோ உண்டு. மேட்டுக்கு அந்தப் பக்கம் யார் ஏறி வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் மைக்கில் பொத்தானை அழுத்தி, அறிவித்துவிட்டுத்தான் ஏறவேண்டும்.

"ட்ரெய்லரோட கிழக்கே போறோம். ஏறுறோம்," என்றேன்.

மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "ட்ரெய்லரா? ரென்மார்க் ஆளா? வாங்க தலைவரே, வாங்க! ஒதுங்கி நிக்கிறோம். ஆசை நிறைவேறட்டும்!"

என்ன மரியாதை! பாலைவனத்து மனிதர்களே தனி என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறினேன். பாதியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தேன். ட்ரெய்லர் பின்னால் ஒரு வாத்துக் குஞ்சு மாதிரி ஏறி வந்தது. உச்சி. இறக்கம். அடுத்த மேடு. உச்சி. இறக்கம். கெல்வின் தேடித் தேடிப் பள்ளமாகப் போனான். அவன் தடத்தை நூல் பிடித்த மாதிரி பிடித்துப் போனேன். கெல்வின் ஒரு தடவை மாட்டிக்கொண்டான். நான்தான் கயிறு கட்டி இழுத்துவிட்டேன்.

"அப்பா சூப்பர்!" என்றாள் பிப்பா.

"அப்பா பொறந்ததே இதுக்குத்தான் போல," என்றாள் டாம்சின். பன்னிரண்டு வயசுப் பெண் அப்பனைப் பாராட்டினால் உஷாராக வேண்டும். எனக்கு அன்று அது தோன்றவில்லை.

கிளெனிஸ் புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை. "நல்லா ஓட்டுற நெவ்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இந்த வாக்கியம் வந்ததே இல்லை. வந்த நேரத்தைப் பாருங்கள்.

மறுநாள் காலையில் டயரைத் தொட்டால் தொளதொளவென்று கிடந்தது. இரவுக் குளிரில் காற்று சுருங்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. இவ்வளவு சுருங்கும் என்று வாத்தியார் சொல்லவில்லை. மறுபடி மிதித்தேன். மறுபடி மேளச் சத்தம். மறுபடி மண்வெட்டி.

அன்று திட்டத்தைக் கொஞ்சம் மெருகேற்றினேன். காலை மணல் குளிர்ந்து கெட்டியாக இருக்கும். வெயில் ஏறினால்தான் மாவாகும். அதனால் டீயை ஒவ்வொரு சொட்டாகக் குடித்தேன். ரொட்டியில் வெஜிமைட் பசையை ஓவியம் மாதிரி தடவினேன். மதியம்தான் வண்டி கிளம்பியது. ஒரு மேட்டின் நட்ட நடு ஏற்றத்தில் பிரேக் போட்டேன். ஏற்றத்தில் நிற்பவன் மூடன் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் கிளெனிஸ்.

"ஓணான்."

"எங்க?"

"போயிடுச்சு."

"பாவம், அது பயந்திருக்கும். நீ மெதுவா எடு. அவசரமே இல்ல."

எடுத்தேன். சக்கரம் சுழன்று, மணல் பறந்து, அச்சு வரைக்கும் புதைந்து, நான் நெற்றியில் அடித்துக்கொண்டு இறங்கி, கெல்வின் கயிறோடு ஓடி வந்து... எதுவும் நடக்கவில்லை. வண்டி ஏறிவிட்டது.

அன்று எதிரே வந்த வண்டியில் ஒரு கிழவர் கண்ணாடியை இறக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"எது?"

"ஒண்ணுமில்ல. முழங்கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வயசுல எல்லாருக்கும் வலிக்கும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் வரைக்கும் அவர் வண்டியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கிழவிக்கு ஏதோ ஜோக் சொல்லியிருப்பார்.

இப்படியே பாலைவனம் தீர்ந்துகொண்டு வந்தது. உப்பு ஏரிகள் போயின. மேடுகள் போயின. என் படகும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேட்டையும் வெற்றிகரமாகத் தாண்டித் தாண்டி நான் தோற்றுக்கொண்டிருந்தேன். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என் கையைக் குலுக்கினார்கள்.

மிச்சம் இருந்தது பிக் ரெட் ஒன்றுதான்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சிவப்பாக, செங்குத்தாக, ஒரு மாமியார் நிற்கிற மாதிரி நின்றது. சூரியன் மறைவதைப் பார்க்க உச்சியில் ஊர்க்காரர்களும் பயணிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கெல்வின் முதலில் ஏறி, மேலிருந்து கையை ஆட்டினான்.

"எல்லாரும் கொஞ்ச தூரம் நடந்துட்டு வாங்க. காலுக்கு நல்லது," என்றேன். மூவரும் மறு பேச்சுப் பேசாமல் போனார்கள். கால் பம்ப்பை எடுத்து மிதித்தேன். டயர் வெடித்துவிடுமோ என்று எனக்கே பயம் வரும் வரை மிதித்தேன். இந்தத் தடவை மண்வெட்டியைத் தொடவில்லை. வயிறு கூப்பிட்டது. அடக்கினேன். ட்ரெய்லரை விட்டு ஓர் அடி நகரவில்லை. திரும்பி வந்த கிளெனிஸ் டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

"ட்ரெய்லரோட ஏறுறோம்," என்று மைக்கில் சொன்னேன். உச்சியில் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள்.

பாதி ஏறியதும் நடந்தது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. ட்ரெய்லர் டயர் தோண்ட ஆரம்பித்துவிட்டது! இஞ்சின் முக்கியது. வேகம் நடைவேகமாகி, தவழும் வேகமாகியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். என் கண்ணெதிரே ரென்மார்க் ஆறு. நடுவில் படகு. படகில் நான். காலைத் தூக்கப்போனேன்.

கிளெனிஸ் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"விட்டுடு நெவ். இது ஒன்னால முடியாது. பரவாயில்ல, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. வேணும்னா நான் எடுக்கட்டுமா?"

என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்துவிட்டது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன், இடது பக்கம் ஒடித்தேன். பல்லைக் கடித்தேன். "முடியாதா? எனக்கா முடியாது?" என்று கத்தினேனாம். டாம்சின் பிற்பாடு சொன்னாள். இஞ்சின் அலறியது, மணல் மழையாகக் கொட்டியது, பிப்பா கீச்சிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உச்சியில் போய் நின்றது. பின்னாலேயே ட்ரெய்லர்.

கதவைத் திறந்து குதித்து இரண்டு கையையும் மேலே தூக்கினேன். "பாத்தீங்களா!" என்றேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. தொப்பிக்காரர் ஒருவர் குளிர்ந்த பீரோடு ஓடி வந்தார். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கிளெனிஸிடம் கொடுத்தார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. தினமும் காத்தை எறக்கிவிட்டதெல்லாம் சரி. இந்தக் கடைசி மேட்டுல என்ன பண்ணீங்க? டயர் கல்லு மாதிரி இருக்கே?"

"காத்தை இவருக்கு ஏத்திவிட்டேன்," என்றாள் கிளெனிஸ்.

நான் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. "என்ன நடக்குது இங்க?"

"நெவ், அன்னிக்கு ஊத்துப் பக்கத்துல நீயும் கெல்வினும் காருக்குள்ள உக்காந்து பேசினீங்களே. நீ எது மேல உக்காந்திருந்த தெரியுமா?"

தொடையில் குத்தியது ஞாபகம் வந்தது.

"ரேடியோ மைக்," என்றாள் டாம்சின். "பட்டனை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்கப்பா. நாங்க சாப்பாட்டு மேசைல கைரேடியோவுல முழுசும் கேட்டோம்."

"அங்கேருந்து வண்டிக்கு வண்டி ரேடியோவுல சொல்லிச் சொல்லி எங்க காதுக்கும் வந்துடுச்சு," என்றார் தொப்பிக்காரர்.

"எங்க காதுக்குந்தான்," என்றார் முழங்காலை விசாரித்த கிழவர். கடைசிக் காட்சியைப் பார்ப்பதற்காகவே வந்த வழியே திரும்பி வந்திருந்தார். "தூண்டிலும் பீரும் பின் சீட்டுல. அருமையான வசனம் தம்பி."

"அப்ப டயர்ல காத்தை..."

"நீ மண்வெட்டி எடுத்துக்கிட்டுப் போற நேரம் போதாதா?" என்றாள் கிளெனிஸ். "டாம்சின் ஒரு டயர், பிப்பா ஒரு டயர். அதுக்கப்புறம் நான் டீ போடவே நேரம் மிச்சம் இருக்கும்."

கெல்வினைப் பார்த்தேன். அவன் யாரோ சுட்ட சாசேஜைத் தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் பேர்ட்ஸ்வில்லில், டயமண்டினா ஆற்றங்கரையில் முகாம். பிக் ரெட் கூட்டத்தில் பாதி அங்கேதான் இறங்கியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளெனிஸ் நீலப் பையை இழுத்து வந்து என் காலடியில் போட்டாள். ஜிப்பைத் திறந்தாள்.

உள்ளே ரப்பர். மடித்து வைத்த ரப்பர். இரண்டு துடுப்பு.

"காத்தடைக்கிறது," என்றாள். "ஒன் பொறந்த நாளுக்கு வாங்கினேன். இங்க வந்ததும் பந்தயமாவது ஒண்ணாவதுன்னு சொல்லிட்டு ஒன் கையில குடுக்கணும்னு நெனச்சிருந்தேன். அந்தக் கால் பம்ப் அதோட வந்தது."

பாலைவனம் முழுக்க என் படகை நானே இழுத்து வந்திருக்கிறேன். அது மணலில் புதையட்டும் என்று அதன் மேல் இரும்பு வாணலியும் அடுக்கியிருக்கிறேன்.

"இப்ப குடுக்கக் கூடாதா?" என்றேன்.

"எதை? பேரைச் சொல்லிக் கேளு, குடுக்கிறேன்."

வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடப் பாத்திரம் கண் முன்னால் வந்து போனது.

"சொல்ல வேணாம்னா வேணாம். காத்தடிச்சாவது குடு. ஒனக்குத்தான் பழக்கம் இருக்கே."

மிதித்தேன். அதே பம்ப். அதே முழங்கால். என் காலடியில் அது மெல்ல உப்பி, உருண்டு, மூக்கும் வாலும் வந்து, உலகத்திலேயே அழகான ஒன்றாக எழுந்து நின்றது. கிளெனிஸும் பிள்ளைகளும் ஏறினார்கள். முன் சீட்டில் கெல்வின்.

"மன்னிச்சுக்க மச்சான்," என்றான். "வாக்கு வாக்குதானே?"

போனார்கள். கரையில் உட்கார்ந்திருந்தேன். கரையோடு இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெல்வின் ஒரு மீனைப் பிடித்தான். மஞ்சள் வயிறு வெயிலில் தகதகவென்றது. பிப்பா ஒன்று பிடித்தாள். வாழ்க்கையில் முதல் மீன். "அப்பா, இங்க பாருங்க!" என்று தூக்கிக் காட்டினாள். அதுவரைக்கும்தான் தாங்க முடிந்தது.

"படகு!" என்று கத்தினேன். "படகு, படகு! என்னையும் படகுல ஏத்துங்க!"

ஆற்றங்கரையே எழுந்து நின்று கைதட்டியது. கெல்வினை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொள்ளக் கரைக்கு வந்தார்கள். ஏறி உட்கார்ந்தேன். அடடா, அந்த ஆட்டம்! அந்தத் தண்ணீர்! தூண்டிலுக்குக் கையை நீட்டினேன்.

கிளெனிஸ் கரையிலிருந்து மதியப் பாத்திரக் கூடையை எடுத்து என் மடியில் வைத்தாள். மேலே ஒரு தேய்க்கும் நார்.

"இன்னிலேருந்துதானே கணக்கு," என்றாள். "நடு ஆத்துல தண்ணி தெளிவா இருக்கும்."

அன்று டயமண்டினாவின் நடுவில், என் சொந்தப் படகில் உட்கார்ந்துகொண்டு நான் பிடித்தது மொத்தத்தில் ஒரு வாணலி.